நீலச் சாரியின் கரைப்பூ

நதீரா: தறிய விட்டு எழும்புங்க உம்மா. கொழும்பு பஸ் வரப்போகுது.

உம்மா: இன்னும் ஒரு சாண் கிடக்கு. நீ கதை, நான் நெய்துக்கிட்டே கேட்கன்.

நதீரா: புதுப் படத்துல நான்தான் கதாநாயகி.

உம்மா: நேத்தும் சொன்ன.

நதீரா: நேத்தும் நீங்க வாய் திறக்கல்ல. ‘போயிட்டு வா மகள்’ எண்டு ஒரு சொல்லு... அதக் கேட்டுப் போகத்தான் மருதமுனைக்கு வந்தன்.

உம்மா: எல்லாம் அந்தக் கலண்டரால வந்தது.

நதீரா: நீங்க நெய்த சாரிய உடுத்துத்தானே போட்டோவுக்கு நிண்டன். சாரிக்கடை பக்கீர் முகைதீன் முதலாளி கலண்டருக்குப் படம் கேட்கக்குள்ள நீங்கதான் ஓம் எண்டீங்க.

உம்மா: சாரி விக்கட்டும் எண்டுதான்...

நதீரா: வித்தது. ஆனா ஊரே என்ட படத்த வெட்டிப் போட்டுட்டு, திகதிய மட்டும் சுவரில தொங்கவிட்டது.

உம்மா: முதல் கத்திரி வச்சது நான்தான். தொழுற வீட்டுல படம் எதுக்கு?

நதீரா: வெட்டாத ஒண்டு கொழும்புக்குப் போனதாலதான் சவுக்கார விளம்பரத்துக்குக் கூப்பிட்டாங்க. டீவியில வந்தன். மறுகா நாடகம், மறுகா சினிமா. கெட்டித்தனத்தாலதான் ஏறினன் உம்மா.

உம்மா: நான் ஒண்டையும் பார்க்கல்ல.

நதீரா: போன படம் கல்முனையிலயும் ஓடினதாமே... சபூறா மாமி போனாவாம்.

உம்மா: அவ போவா. நான் தியேட்டர் வாசல மிதிச்சதில்ல.

நதீரா: தம்பி மௌத்தாகி நான் அழுற கட்டம் ஒண்டு. ஒங்கட நீலச் சாரியத்தான் உடுத்திருந்தன். நல்ல வடிவாம், எல்லாரும் சொன்னாங்க.

உம்மா: அவங்களுக்கு என்ன தெரியும்...

நதீரா: ஏன், என்ன குறை?

உம்மா: ஒண்டுமில்ல.

நதீரா: குறை இருந்தாச் சொல்லியிருப்பாங்களே. அவ்வளவு வடிவு...

உம்மா: வடிவா? கண் நோக நோக நெய்த கரைப்பூ. அதப் பிறட்டி உடுத்து, பின்பக்கத்து நூலெல்லாம் வெளியில தெரிய நிண்டா வடிவா புள்ள? அழுகை நல்லாத்தான் இருந்தது. முக்காட்டுக்குள்ள நானும் அழுதன். ஆனா அந்தக் கரை கண்ணுல பட்டா... 

நதீரா: ஒண்டையும் பார்க்கல்ல எண்டீங்களே உம்மா!

உம்மா: என்ன சிரிப்பு? ஓம், போனன்தான். சபூறாவோட போனன்.

நதீரா: அப்ப, நான் வரட்டா உம்மா?

உம்மா: போயிட்டு வா மகள். அல்லாஹ் காவல். இந்தப் படத்துலயாவது சாரிய நேரா உடு.

நதீரா: நேராத்தான் உடுப்பன். பிறட்டி உடுத்தா ஒங்க ஒராளுக்குத்தான் விளங்கும், விளங்கினா வாய் சும்மா இருக்காது எண்டு தெரிஞ்சுதான் அண்டைக்கு அப்பிடி உடுத்தன்.