கதவைத் தட்டிவிட்டுப் புரட்டும் பக்கம்

"பக்கத்தைப் புரட்டறதுக்கு முன்னாடி என் கிளாஸ்ல எல்லாரும் கதவைத் தட்டுவா."

கிடர்பூரிலிருந்து வந்த மினிபஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கொல்கத்தா பஸ்ஸில் தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினார்கள். சொன்னவர் இரண்டாம் வகுப்பு டீச்சர். பக்கத்தில் அவருடைய நாத்தனார்.

"புஸ்தகத்துல ஏது மன்னி கதவு?"

"படக்கதைடி. பாலத்துக்கு அடியில இருக்கற ஒரு குடும்பம். நான் எழுத்தை மறைச்சுட்டு, சமையல் ரூம் எங்கே, பூஜை ரூம் எங்கேன்னு குழந்தைகளைத் தேடச் சொன்னேன். அடுப்பைக் கண்டுபிடிச்சா. தூண்ல மாட்டின காளி படத்தைக் கண்டுபிடிச்சா."

"பாவம்னு சொல்லலையா?"

"முதல் பக்கத்துல சொன்னா. அப்புறம் மறந்தே போயிட்டா. ஒரு படத்துல கயித்துல புடவை தொங்கறது. ஒரு பொண்ணு, 'மிஸ், கதவு சாத்தியிருக்கு, தட்டாம போகக்கூடாது'ன்னா. அன்னிலேர்ந்து டெஸ்க்கைத் தட்டிட்டுதான் அடுத்த பக்கம்."

"சமத்துதான். ஆனா படத்துல தட்டி என்ன ஆகப்போறது மன்னி?"

மன்னி சிரித்தார்.

டாக்குரியாவில் மூவருமே இறங்கினோம். அங்கேயும் ஒரு பாலம்; அதற்கு அடியில் குறுக்கே நடந்தால் ஸ்டேஷன் பக்கம். நாத்தனார்தான் வேகமாக முன்னே போனார். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு பச்சைப் புடவை கட்டியிருந்தது. அதை விலக்கக் கையை நீட்டியவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சுத்திண்டு போலாம் மன்னி" என்றார், குரலைத் தாழ்த்தி. "கதவு சாத்தியிருக்கு."