பெண்டாட்டி வேஷம்

— எசென் அண்ணே, முக்காட்டை இழுத்துக் கட்டுங்க. மீசை தெரியுது.

— சிரிக்காதே மிர்லான். மேடம், இந்த வேஷம் எனக்கு எதுக்கு?

— தலைநகர் பிஷ்கெக்லேர்ந்து நான் பயிற்சி குடுக்க வந்தா, உங்க ஸ்டேஷன்ல ஒரு பொம்பளைப் போலீஸ் கிடையாது. என்ன பண்றது எசென்? நீங்க அடி வாங்கின பெண்டாட்டி. அந்த நாற்காலிதான் புருஷன். மிர்லான், சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துல போன் பண்ணாங்க, நீ விசாரிக்க வந்திருக்கே. ம், ஆரம்பி.

— சலாம் அலைக்கும். என்னக்கா, வீட்ல ஏதும் தகராறா?

— ஒண்ணுமில்ல தம்பி. உட்காருங்க, டீ ஊத்தறேன். ரொட்டி சாப்பிடுங்க.

— சரிக்கா. நாற்காலி அண்ணே, நீங்க எந்த வம்சம்? அட, எங்கம்மாவும் அதேதான்!

— மிர்லான், விசாரிக்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா? அவன் பக்கத்துல இருந்தா அவ எப்படி வாயைத் திறப்பா? முதல்ல அவனை வெளியே அனுப்பு.

— நாற்காலியை வராந்தாவுல வெச்சுட்டேன் மேடம். அக்கா, கன்னத்துல என்ன காயம்?

— பால் கறக்கறப்போ மாடு உதைச்சிருச்சு.

— இந்த வெயில்ல எதுக்கு முழுக்கை?

— எனக்குக் குளிருது.

— கையைக் கொஞ்சம் காட்டுங்க.

— வேணாம் தம்பி, மெதுவாப் பேசு, அவருக்குக் கேட்கும். நல்ல மனுஷன்தான். சூப்பு ஆறிப்போச்சு, தப்பு எம்மேலதான். நீ கிளம்பு, நீ போனப்புறம் நான்தானே இங்க இருக்கணும்.

— போதும். எசென், எத்தனையோ ஸ்டேஷன்ல இதை நடத்தியிருக்கேன், இப்படி யாரும் செஞ்சதில்ல. கதவை விட்டு நகரவே இல்ல, கண்ணு வராந்தாவுலயே இருந்தது. சின்ன வயசுல வீட்ல பார்த்தீங்களா? உங்கம்மாவா?

— சேச்சே. எங்கப்பா அம்மாவை அதட்டிக்கூடப் பேசினதில்ல மேடம். எம்பெண்டாட்டி குல்சினா இப்படித்தான் நிப்பா. பக்கத்து வீட்ல கேட்டா மாடு உதைச்சதுன்னுதான் சொல்லுவா.

— உங்க வீட்ல மாடு இருக்கா அண்ணே?

— போன வருஷமே வித்தாச்சு.

— எசென், முக்காட்டைக் கழட்டிட்டு உட்காருங்க. மிர்லான், நீ கேளு. இப்ப இது ஒத்திகை இல்ல.

— அண்ணே... அண்ணி இப்ப எங்க?

— வீட்லதான். நான் கிளம்பறப்போ எந்திரிக்கல. வெளியே பூட்டிட்டு வந்துட்டேன்.