தாவல் இல்லாத லெவல்

மழை வருவதற்கு முந்தின நாள் எங்கள் ஊர் மலைகள் பக்கத்தில் வந்து நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள், யாரும் பேசிக்கொள்வதில்லை. கோடையில் ஒரே சாம்பல் கோடாகக் கிடக்கும் மேற்கு மலை அன்றைக்கு மட்டும் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து தெரியும். மறுநாள் சாரல் இறங்கியதும் ஒவ்வொரு மடிப்பாக மறையும். தூரத்தில் இருப்பது முதலில் நிறத்தை இழக்கும், அப்புறம் விளிம்பை இழக்கும். கடைசியில் அங்கே மலை இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும்.

இதை எனக்குச் சொன்னவன் திலீபன். நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் சுந்தர்ராஜ். பழனிசெட்டிபட்டியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். திலீபன் அனுமந்தன்பட்டிக்காரன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். அவன் அப்பா சீனிச்சாமிக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அம்மா மாயக்காள். தங்கை நதியா உத்தமபாளையத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறாள்.

எங்களைச் சேர்த்தது ஒரு விளையாட்டு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வந்தது. குடை பிடித்த ஒரு சின்ன உருவம் இடமிருந்து வலமாக ஓடும். பள்ளம் வந்தால் நாம் அதைத் தாவ வைக்க வேண்டும். அவ்வளவுதான். அதைச் செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. ரசிகர்கள் மறக்கவில்லை. பல நாடுகளில் இருப்பவர்கள் அதற்குப் புதிய லெவல்களைத் தாங்களாகவே செய்து ஒரு தளத்தில் இலவசமாக ஏற்றுகிறார்கள். நாங்களும் ஏற்றினோம். கணக்கு திலீபன் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும்.

தாவல்கள் என்னுடையவை. எந்தப் பள்ளம் எவ்வளவு அகலம், எந்தப் படியில் ஏறினால் எங்கே போய் நிற்கலாம் என்பதையெல்லாம் நான் கணக்குப் போடுவேன். பின்னணி அவனுடையது. திரை தட்டையானது; அதில் ஆழம் கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாகச் சில லேயர்களை வைத்து, ஆள் ஓடும்போது பக்கத்து லேயரை வேகமாகவும் தூரத்து லேயரை மெதுவாகவும் நகர்த்தினால் கண் ஏமாந்து ஆழம் என்று நம்பிவிடும். ஒவ்வொரு லேயருக்கும் நடுவில் மெல்லிய பனியை விட்டால் மனசும் நம்பிவிடும். இதை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் திலீபன் எந்த மலையையும் கற்பனையில் வரைய மாட்டான். நேரில் போவான். ஓர் இடத்தில் நின்று ஒரு படம் எடுப்பான். போனைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் சில எட்டுகள் நகர்ந்து இன்னொரு படம் எடுப்பான். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எது எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். அந்த அளவில்தான் லேயர்களை ஓட விடுவான்.

போனைப் பார்த்துக்கொண்டே விளிம்பில் பக்கவாட்டாக நடப்பது ஆபத்து. அதனால் கூட ஒருவன் நின்று கால் பார்க்க வேண்டும். இது எங்களுக்குள் சட்டம். ஆள் இல்லாமல் தனியாகப் போனால் நிற்கக் கூடாது, உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும், உட்கார்ந்தபடியேதான் நகர வேண்டும் என்பதும் அவன் சட்டம்தான். நான் அவனுக்குக் கால் பார்த்தேன், எத்தனையோ இடங்களில்.

எங்கள் லெவல்களுக்கு நல்ல பெயர். கீழே கருத்து எழுதுகிறவர்கள் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு மொழிகளில் எழுதுவார்கள்: நான் ஓடவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திலீபன் அதை எனக்குப் படித்துக் காட்டுவான். தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சொன்னான்.

"ஏலே சுந்தரு, உன் தாவல் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா எவனும் தாவ மாட்டேங்கிறான். நின்னு மலையப் பாக்குறாக."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு சொன்னான்: "அடுத்ததுல தாவலே வேண்டாம்டா. நடந்து போனாப் போதும். பள்ளமே வேண்டாம்."

என்னை விலக்குவதற்காக அவன் அப்படிச் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கிற ஆள் இல்லை அவன். பள்ளம் இல்லாத லெவலில் எனக்கு என்ன வேலை என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த லெவலுக்குப் படம் எடுக்கத்தான் போன வருஷம் சாரல் காலத்தில் கேரள எல்லையில் இருக்கும் கம்பம் மெட்டுக்குப் போனோம். வீட்டில் தேனிக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். அதற்கு முந்தின நாள் அவன் அப்பா, பொம்மையத் தாவ வைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா என்று கேட்டிருந்தாராம். பஸ்ஸில் வரும்போது அதை எனக்கு நடித்துக் காட்டினான். அவனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு வளைவில் இறங்கி, முன்பு மரம் வெட்டி இறக்கிய, இப்போது ஆட்கள் விட்டுப்போன பழைய கூப்புப் பாதையில் நடந்து, கிழக்கே பார்த்த ஒரு பாறைக்குப் போனோம். பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து தெரியும். ஆறு, திராட்சைப் பந்தல்கள், சின்னமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகள், அதற்கும் பின்னால் மேகமலை.

அங்கே அவன் கால் தவறி விழுந்தான்.

நான் தனியாகத் திரும்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் போன் கடைசியாகப் பிடித்தது கேரளப் பக்கத்து டவரை. விசாரித்தவர்கள் அவன் எல்லை தாண்டிப் போய்விட்டான் என்றார்கள். அப்பா திட்டிய மறுநாள் என்பதால் காரணமும் தயாராக இருந்தது. நான் எதையும் ஜோடிக்கவில்லை, ஐயா. எல்லாம் தானாகவே பொருந்திக்கொண்டது.

காணவில்லை போஸ்டர் எங்கள் கடையில்தான் அடித்தார்கள். படத்தைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்தது நான்தான். முடி ஓரத்தில் வெள்ளை தெரியாமல் சுத்தமாக வெட்டினேன். சீனிச்சாமி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் குனிந்து கேட்டார்.

"அடியில ஒரு வரி போட முடியுமாய்யா? அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு."

போட்டேன். சிவப்பில் போட்டால் பணம் தருவதாகச் சொல்கிற வரி போலத் தெரியும் என்று கறுப்பிலேயே போட்டேன்.

மாயக்காள் புருஷனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டையும் நிறுத்தியிருந்தார். நதியா போனில் சொல்லி அழுதாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்தால் போதும் என்று எனக்குப் பட்டது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஒரு லெவல் செய்து அவன் கணக்கில் ஏற்றினேன். கேரளப் பக்கம் இருக்கும் கட்டப்பனையின் படங்களை நெட்டில் எடுத்து, அவற்றை வைத்து ஒரு தேயிலைச் சரிவு, அதன் பின்னால் ஒரு சர்ச், அதன் பின்னால் பனி.

அன்று சாயங்காலமே மாயக்காள் எனக்குப் போன் பண்ணினார்.

"ஏய்யா சுந்தரு, புள்ள படம் போட்டிருக்கானாம்ல. நதியா காட்டுச்சு. எங்கயோ குளுர்ல கெடக்கான்யா. சொட்டர் கூட எடுத்துட்டுப் போகல."

அன்று இரவு அவர் சாப்பிட்டதாக நதியா சொன்னாள். நான் செய்தது தப்பு என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீனிச்சாமி கட்டப்பனைக்குப் போனார். போஸ்டரை ஒவ்வொரு டீக்கடையிலும் காட்டியிருக்கிறார். அந்தச் சர்ச் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அதன் வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம். அடுத்து நான் ஏற்றியதில் ஒரு அணை இருந்தது, அங்கேயும் போனார். அங்கே ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களுக்கு அவரைத் தெரிய ஆரம்பித்தது. திராட்சை அறுப்பு சமயத்தில்கூட அவர் ஊரில் இல்லை. ஆள் மெலிந்துபோனார். ஆனால் அவர் போகும் ஒவ்வொரு தடவையும் மாயக்காள் அவருக்குக் கட்டுச்சோறு கொடுத்து அனுப்பினார். மறுபடியும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

கருத்துகளும் வந்தன. தென் அமெரிக்காவில் எங்கிருந்தோ ஒருவர், திலீபனின் பனி முன்பு அழகாக இருந்தது, இப்போது அதில் யாரோ இருப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதை நான் பலமுறை படித்தேன். எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதல்ல. முன்னைவிட நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

கம்பம் மெட்டுப் படங்கள் என் போனில் இருந்தன. நல்ல படங்கள்; சும்மா கிடந்தன. ஒரு வருஷம் ஆன பிறகு அவற்றை வைத்து அந்தத் தாவல் இல்லாத லெவலைச் செய்தேன். குடைக்காரன் ஒரு மலை ஓரமாக நடந்துகொண்டே இருப்பான். மலைகள் ஒவ்வொன்றாக நகரும், மூடும், விலகும். வேறு எதுவும் நடக்காது. நாங்கள் ஏற்றியவற்றில் அதுதான் ஆகச் சிறந்தது.

நதியா அதைப் பார்த்துவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அண்ணனின் லெவல்களை ஏற்றும் முன்பே ஆடிப் பார்த்தவள் அவள். காற்றாலைகளை வைத்து அது நம் பள்ளத்தாக்கு என்று கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவில் அந்தக் காற்றாலைகள் ஒரே வரிசையில் விழும் இடம் எது என்று பார்க்க, லீவு நாட்களில் ஏலத்தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் ஏறி மெட்டுக்குப் போய், ஒவ்வொரு வளைவாக இறங்கிப் பார்த்திருக்கிறாள். பாறையையும் கண்டுபிடித்தாள். பிறகு என் கடைக்கு வந்தாள்.

"சுந்தரண்ணே, அங்கன நின்னு பாத்தா பாறைக்கு மேல ஆறு தெரியுது. இந்தப் படத்துல ஆறு இல்ல. பாறை மறைக்குது."

நான் காதுகுத்து பேனர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன்.

"உக்காந்து பாத்தேன். அப்ப ஆறு மறைஞ்சு போச்சு. படத்துல இருக்கிற மாதிரியே."

"சரி," என்றேன்.

"அண்ணன் தனியாப் போனாத்தான் உக்காரும். தனியாப் போயிருந்தா போனும் அதுகூடயேல்ல போயிருக்கணும், அந்தப் போன்தான் அன்னையிலருந்து ஆஃப்ல கெடக்கே. படம் யாருகிட்ட இருந்துச்சு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. கடையில் இருந்த மற்றவர்கள் ஏதோ ஆர்டர் விஷயம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் பேனரைச் சேமித்தேன். அவள் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். பாறைக்குக் கீழே இறங்கிப் பார்த்தது நீங்கள்தான். அதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆம், அவன் விழுந்த பிறகு அந்தப் படங்களை எடுத்தது நான். கால் பார்க்க ஆள் இல்லாததால் உட்கார்ந்து எடுத்தேன். பனி விலகி வெளிச்சம் நன்றாக வந்திருந்தது.

இடுப்பெலும்பு உடைந்தது சாவதற்குப் போதாது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அவர் எழுதியது சரி. அவன் உடனே சாகவில்லை. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்புறம் ரோட்டுக்குப் போய் ஜீப்பை நிறுத்தச் சொன்னான். ரோடு பக்கம்தான்; ஏலத்தோட்டத்து ஜீப்புகளின் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் மறுபடியும் பனி ஏறியது. முதலில் சொற்கள் போயின. குரல் மட்டும் இருந்தது. பிறகு குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது போயிற்று. கடைசியில் அது இருக்கிறதா, நான் நினைத்துக்கொள்கிறேனா என்றே தெரியவில்லை. நான் கடைசிவரை கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டு வந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பனியை எப்படிப் போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

கால் தவறி விழுந்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழுசாகச் சரியில்லை. முதல் படம் முடிந்து பக்கவாட்டில் நகரும்போது, போனைக் கண்ணிலிருந்து எடுக்காமல், அவன் என்னைக் கேட்டான்.

"இன்னும் எடம் இருக்காடா?"

அவன் இடது காலுக்கு அப்பால் பாறை முடிந்திருந்தது. நான் கால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கு," என்றேன். "நகரு."

அவ்வளவுதான் நான் செய்தது. கை வைக்கவில்லை. இதற்கு எந்தத் தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கணக்கில் இருக்கும் லெவல்களை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று நதியா கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். அழிக்க வேண்டாம். மாயக்காள் அம்மாவுக்கு மகன் நினைவாகப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கடைசி லெவலில் மட்டும் பெயரை மாற்றச் சொல்லுங்கள். எல்லோரும் அதைத் திலீபன் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நான் வரைந்தது.