மைக் போன முக்கால் நிமிஷம்

— இன்னும் எத்தனை கேள்விங்க இருக்கு? நான் பாதித் துணி மடிச்சாச்சு, நீங்க இன்னும் முதல் பக்கத்துலயே நிக்கறீங்க.

— இரு, இரு. வெளிநாட்டுக்காரங்ககிட்ட எப்படிப் பேசணும்னு ஆறு வாரம் கம்ப்யூட்டர்ல எனக்குப் பாடம் எடுத்த டீச்சரம்மா கேட்டு அனுப்பியிருக்காங்க. ஏனோதானோன்னு எழுத முடியுமா? 'பயிற்சியில் கற்ற எந்தப் பாடம் உங்கள் வேலைக்கு உதவியது?'

— எழுதுங்க.

— மௌனம்னு எழுதிட்டேன்.

— மௌனமா? நீங்களா? சிரிக்க வைக்காதீங்க, மடிச்சதெல்லாம் கலையுது.

— ஏன், நான் வாயை மூட மாட்டேனா?

— தூக்கத்துல கூட யாருக்கோ சரக்கு அனுப்பறேன்னு வாக்கு குடுக்கற ஆளு...

— அதைத்தானே சொல்றேன். போன வருஷம் மாட்டினதே அதனாலதானே. எங்க மில்லுல படுக்கை விரிப்பு கேட்டாங்களே, அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரங்க... பத்து வாரம் ஆகும்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

— கோவிச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சீங்க.

— பின்ன? நம்ம வீட்டுல ஒருத்தர் பேசாம இருந்தா என்ன அர்த்தம்? உங்க அக்கா நாலு மாசம் பேசாம இருந்தது மறந்துடுச்சா?

— எங்க அக்காவை ஏங்க நடுவுல இழுக்கறீங்க?

— சரி, விடு. எட்டு வாரம்னேன். சத்தமில்ல. ஆறுன்னேன். அப்பவும் சத்தமில்ல. கப்பல் செலவும் எங்களோடதுன்னேன்...

— அவங்க பாவம், யோசிச்சுட்டு இருந்திருக்காங்க.

— அதுதான் எனக்கு அப்பத் தெரியலையே! அவங்க ஊர்ல, ஒருத்தர் சொன்னதுக்கு உடனே பதில் சொல்லாம யோசிக்கறதுதான் மரியாதையாம். ஆறு வாரத்துல மில்லுல பாதி கூட நெய்யல. அவங்களும் போயிட்டாங்க. மேனேஜர் கையில லெட்டரைத் திணிச்சாரு. இந்தப் பயிற்சியில சேரு, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுக்குப் போயிடுன்னு.

— அந்த லெட்டரை ஒரு வாரம் சாப்பாட்டுப் பையிலயே ஒளிச்சு வச்சிருந்தீங்க.

— ...உனக்குத் தெரியுமா?

— பையைத் துவைக்கறது யாரு?

— நீ ஒரு வார்த்தை கேக்கலையே.

— நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ராத்திரி எல்லாம் புரண்டு புரண்டு படுத்தீங்க. எனக்கு மட்டும் தூக்கம் வந்துச்சா என்ன? சரி, அடுத்த கேள்வி.

— 'வீட்டில் பழகிப் பார்த்தீர்களா?'

— பார்த்தாருன்னு எழுதுங்க, சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். சமையல் கேஸ் தீர்ந்துடுச்சுங்கன்னு வந்து நின்னா, என் மூஞ்சியையே பார்த்துட்டு மனசுக்குள்ள இருபது எண்ணறது! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

— டீச்சரம்மாதான் எண்ணச் சொன்னாங்க. எதிர்ல இருக்கறவங்க பேசாம இருந்தா இருபது எண்ணுங்க, அப்புறம் வாயைத் திறங்கன்னு.

— எதிர்ல இருக்கறவங்க பேசாம இருந்தாத்தானே? நான் கத்திட்டுல்ல இருந்தேன்!

— அடேங்கப்பா, பாடத்தை என்னைவிட நல்லா கேட்டிருக்கே.

— அதே ரூம்லதான் நானும் இருக்கேன். காதுல பஞ்சா வச்சுக்க முடியும்? மூணாவது வகுப்புல நீங்க தூங்கிட்டீங்க. நான்தான் முழுசாக் கேட்டேன்.

— தூங்கினேனா? கேமரா ஆன்ல இருந்துச்சேடி!

— கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கினீங்க. நடுநடுவுல தலையும் ஆட்டினீங்க. டீச்சரம்மா உங்களைப் பாராட்டக் கூட செஞ்சாங்க.

— நல்ல மனுஷி. அவங்க சொல்லிக் குடுக்கலேன்னா நான் இன்னிக்குத் தெருவுலதான் நிக்கணும். அவங்களுக்கு நன்றின்னு எழுதறேன்... மேனேஜருக்கும். திட்டினாலும் பயிற்சிக்கு அனுப்பினாரே. அப்புறம் என் ஹெட்போனுக்கு.

— ஹெட்போனுக்கா? அதெல்லாம் எதுக்கு எழுதறீங்க... பைத்தியம்னு நினைக்கப் போறாங்க.

— எழுதாம? என் வேலையைக் காப்பாத்தினதே அதுதானே. அன்னிக்கு என்ன பாடு! அதே ஆஸ்பத்திரிக்காரங்க மனசு மாறி மறுபடி வந்திருக்காங்க. இதுதான் கடைசின்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஆபீஸ்ல பெயின்ட் அடிக்கறாங்க, வீட்டுலேர்ந்தே பேசுங்கறாங்க. இங்க லேப்டாப்புல சார்ஜ் நிக்கல. ப்ளக் பாயின்ட்டோ லொடலொடன்னு ஆடுது...

— அதனால நான் மேஜைக்கு அடியில உக்காந்து ப்ளக்கை அழுத்திப் பிடிச்சுட்டு இருந்தேன். என் முதுகு இன்னும் மறக்கல.

— பத்து வாரம்னு சொன்னேன். ஸ்க்ரீன்ல அவங்க மூணு பேரும் குனிஞ்சு தாளையே பார்க்கறாங்க. சத்தமில்ல. எண்ண ஆரம்பிச்சேன்.

— எத்தனை வரைக்கும் போனீங்க?

— ஏழு.

— ஏழுதானா!

— எட்டுல வாய் தானாத் திறந்துடுச்சு. சார், ஆறு வாரத்துல முடிச்சிடலாம், கப்பல் செலவு எங்களோடது, பெட்டி கட்டற செலவும் எங்களோடதுன்னு கொட்டித் தீர்த்துட்டேன். முக்கால் நிமிஷம் இருக்கும். ஒருத்தரும் நிமிரல. என்னடான்னு பார்த்தா, மைக் வேலை செய்யல! ஒரு வார்த்தை கூட அந்தப் பக்கம் போகல.

— ...ஏதோ நல்ல நேரம்.

— அப்புறம் அவங்கள்ல பெரியவர் நிமிர்ந்தார். பத்து வாரம் சரி, யோசிக்க நேரம் குடுத்ததுக்கு நன்றிங்கறார்! அவர் வாயைத் திறந்ததும் மைக் தானா சரியாயிடுச்சு பாரு... அதுதான் அதிசயம்.

— பழைய ஹெட்போன்தானே. எப்ப என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?

— அது சரி, அதை எங்க வச்சிருக்கே?

— தூக்கிப் போட்டுட்டேன்.

— தூக்கிப் போட்டியா! சட்டம் போட்டு ஹால்ல மாட்டலாம்னு இருந்தேன்.

— ஓட்டை ஹெட்போனை மாட்டி வச்சு யார் பார்க்கறது? புதுசு ஒண்ணு வாங்கிக்கோங்க.

— குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்துட்டேன்.

— ...எப்ப?

— காலைல. என் தம்பிகூட அதுல அரை மணி நேரம் பேசினேன். மணியாட்டம் கேக்குதுங்கறான்.

— ...

— என்ன, துணி மடிக்கறதை நிறுத்திட்டே? எண்ணறியா? எத்தனை ஆச்சு?

— பன்னெண்டு... சொல்லிடறேங்க. திட்டக் கூடாது.

— சொல்லு.

— ஹெட்போன் வயர்ல மைக்கை நிறுத்தற சின்ன ஸ்விட்ச் இருக்குல்ல, அது என் மூஞ்சிக்கு நேரா தொங்கிட்டு இருந்துச்சு. உங்க கால் ஆட ஆரம்பிச்சுது. நீங்க கால் ஆட்டினா அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியாதா? எதையோ இனாமாத் தூக்கிக் குடுக்கப் போறீங்கன்னு அர்த்தம். கை தானாப் போய் அமுக்கிடுச்சு.

— மறுபடி எப்படிப் போட்டே? அவர் பேசினது என் காதுலதானே கேட்டுச்சு?

— கால் டக்குனு நின்னுடுச்சே. அவங்க பேசறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு திரும்பப் போட்டுட்டேன்.

— ரெண்டு வாரமா இதை மனசுலயே வச்சிருந்தியா?

— எப்படிங்க சொல்றது? ஆபீஸே எழுந்து நின்னு உங்களுக்குக் கை தட்டியிருக்கு. மேனேஜர் அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டார்னு வந்து, வாசல்லயே நின்னு குழந்தையாட்டம் அழுதீங்க. அப்பப் போய், ஜெயிச்சது நீங்க இல்ல, நான் அமுக்கின ஸ்விட்ச்னு சொல்ல எனக்கு மனசு வரல... என்மேல கோவமா?

— கோவமா! உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியாமத்தான்டி ரெண்டு வாரமா சுத்திச் சுத்தி வரேன்.

— ரெண்டு வாரமாவா? காலைலதானே ஹெட்போனைப் போட்டுப் பார்த்தேன்னீங்க?

— அது உன் வாயைக் கிளறத்தான். ஸ்க்ரீன்ல மைக் படத்துமேல சிவப்புக் கோடு விழுந்ததை நான் ஏழு எண்ணும்போதே பார்த்துட்டேன். ஸ்விட்ச் என் முழங்கால்கிட்டத்தான் தொங்குச்சு, வேணும்னா நானே திரும்பத் தட்டி விட எவ்வளவு நேரம் ஆகும்? உன் விரல் அதுமேல இருக்குன்னு தெரிஞ்சதும், இனி என் வேலை எங்கயும் போகாதுன்னு ஒரு நிம்மதி வந்துச்சு பாரு... யார் காதுலயும் விழாதுன்னு தெரிஞ்சுதான், பெட்டி கட்டற செலவு வரைக்கும் அவ்வளவு தாராளமா அள்ளி விட்டேன்.