சாதாரண பயனரின் மூன்று வரிகள்

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. வாடைக்காற்று பலமாக வீசியது. மழை மூட்டத்தினால் குருநகர்க் கரையிலிருந்து கடல் தென்படவில்லை.

விசாரணை ஐயா, அன்று நான் மிக நேர்த்தியாகச் சவரம் செய்திருந்தேன்.

என் பெயர் அடைக்கலநாதன். நாற்பது வருடங்கள் படகு இயந்திரம் திருத்தினேன். ஐம்பத்தெட்டாவது வயதில் மாலை வகுப்பிற் கணினி கற்று முதலாவதாகத் தேறினேன். அச்சான்றிதழைச் சட்டமிட்டு, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குச் சற்று மேலே மாட்டியுள்ளேன்.

எமது கடற்றொழிலாளர் சங்கத்தில் பழைய கணினியொன்று உண்டு. கடலில் நிற்கும் ஒவ்வொரு படகின் அமைவிடத்தையும் அதன் திரை காட்டும். இருபத்துநான்கு வயது லவீனா அதற்குப் பொறுப்பு. அவள் எனக்குச் 'சாதாரண பயனர்' என்னும் கணக்கைத் திறந்து தந்து, "மாமா, உதாலை நீங்கள் என்ன செய்தாலும் ஒண்டும் உடையாது. பயப்பிடாமல் விளையாடுங்கோ" என்றாள்.

அக்கூற்றுத் தவறானது. கணினியின் மூளையாகிய முறைவழியாக்கி பழுதுடனேயே பிறந்திருந்தது. குறித்த ஒரு கட்டளை கிடைத்தால் அது கல்லாய்ச் சமைந்துவிடும், மீள எழ அரை மணி நேரமாகும். கொடுத்தவர் யாரென்று பார்க்காது. மூன்று வரிச் செய்நிரல் போதும். என் வீட்டிலுள்ள அதே இனக் கணினியில் ஏழு தடவை பரிசோதித்தபின் சங்கத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். தலைவர் மரியரட்ணம் அதை உறையோடு திருப்பித் தந்தார்.

"அடைக்கலம் அண்ணை, உது அவுட்போட் எஞ்சின் இல்லை, பிளக்கைக் கழட்டி ஊதிப் பாக்க."

செயற்குழு சிரித்தது. லவீனாவும் சிரித்தாள். ஆகவே செய்துகாட்டல் அவசியமாயிற்று. அதற்குச் சாட்சிகள் வேண்டும்.

14ஆம் திகதி மாலை செயற்குழுவே சங்க அலுவலகத்துக்கு ஓடிவர, சாட்சிகள் தாமாகவே கூடினர். லவீனாவின் தமையன் ஜஸ்ரினின் படகில் எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறியது. தான் நிற்கும் இடம் அவனுக்கே தெரியவில்லை, திரைக்குத் தெரிந்தது. மீட்கச் சென்ற படகுக்கு அறிவிக்க லவீனா வயர்லெஸை எடுக்க எழுந்தாள். நான் அவள் நாற்காலியில் அமர்ந்து, அமைவிட இலக்கங்களை மனனம் செய்தேன். வகுப்பிலும் மனனத்தில் நானே முதலாவது. பின்னர் என் சாதாரண பயனர் கணக்கில் அம்மூன்று வரிச் செய்நிரலை இயக்கினேன். கணினி கல்லாய்ச் சமைந்தது, திரை இருண்டது. மிகத் திருத்தமான பெறுபேறு.

"மாமா, என்ன செய்தனீங்கள்? அண்ணை எங்கை நிண்டவன்?"

இலக்கங்கள் என்னிடம் உள்ளன என்றேன். பழுது முறைவழியாக்கியினுடையது, அதைக் கண்டறிந்தவன் நான் என முதலில் கூட்டக்குறிப்பில் எழுதுமாறு கேட்டேன். மரியரட்ணம் எழுதினார். அவசரத்தில் எழுத்துப்பிழை விட்டார், திருத்தச் சொன்னேன். எமது சங்கத்தில் வழிமொழியாத தீர்மானம் செல்லாது. இருவர் ஒரே நேரத்தில் வழிமொழிந்தமையால், எவர் பெயரை எழுதுவதென்று சிறு வாக்குவாதம் எழுந்தது.

"லவீனா, ஆக்கள் எங்கை வருகினம் எண்டு சொல்லடி" என்றது ஜஸ்ரினின் குரலில் வயர்லெஸ். பிறகு அது எதுவும் சொல்லவில்லை.

லவீனா என் காலைப் பிடித்தாள். "மாமா, உங்கடை சேட்டிபிக்கேற் பெரிசுதான். சொல்லுங்கோ."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதும் இலக்கங்களைப் பிழையின்றி ஒப்புவித்தேன். படகு அவ்விடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. ஜஸ்ரின் இருக்கவில்லை. என் இலக்கங்கள் சரியானவை என்பதற்கு இதுவே சான்று.

இயக்கியவன் நானே, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அக்கணினியில் எதையும் உடைக்கும் அதிகாரம் எனக்கு வழங்கப்பட்டிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வயர்லெஸ் ஓய்ந்த நேரத்தை எவரும் எழுதவில்லை. தீர்மானம் நிறைவேறிய நேரம் கூட்டக்குறிப்பில் உண்டு: பிற்பகல் 5.21.