ஸ்பீக்கரில் அடித்த போன்

எண்ணூரிலிருந்து வரும் பஸ். ஷிப்ட் முடிந்த கூட்டம். முன் சீட்டில் இரண்டு கான்ட்ராக்ட் தொழிலாளிகள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் காதைக் கொடுத்தேன்.

“நான் வெளிய வந்துட்டேன் மாமு. என் போனு இன்னும் சூப்பர்வைசர் கம்ப்யூட்டர்லயேதான் கீது.”

“இன்னாடா ஒளர்ற? கையிலதான வச்சிக்கினு கீற?”

“காலைல வால்வு போட்டோ கேட்டான். ஒயர் இல்ல, புளூடூத்துல அனுப்புன்னான். கனெக்ட் பண்ணசொல்ல இன்னென்னவோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் ஓகே அமுக்கிட்டேன். அப்பால பாத்தா எனக்கு வர்ற மெசேஜு அவன் ஸ்கிரீன்ல தெரியுது. என் வூட்ல கூப்ட்டா அவன் ஸ்பீக்கர்ல அடிக்குது.”

“படிச்சிட்டு சிரிப்பான். அதுக்கு ஏன் பேஜாராவுற?”

“நம்ம கம்பெனில கேஸ் லீக்காவுதுன்னு வீடியோ எடுத்து கவர்மெண்ட் ஆபீசருக்கு அனுப்புனது நான்தான் மாமு. எப்ப வேணா கூப்புடுவாரு.”

மற்றவர் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தக் கனெக்சன அழிச்சுடு.”

“கம்பெனி கேட்டாண்டயே அழிச்சிட்டேன். ஆனா நெசமா போச்சான்னு தெரில.”

“அப்ப முடிஞ்சுது. அழிக்காம வுட்டாலும் கொஞ்ச தூரம் தாண்டுனா கட்டாயிடும்டா.”

“நெசமா?”

“நெசமாத்தான்.”

லீக்கைச் சொன்னவர் திருடன் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அதை மூடி மறைத்தவனெல்லாம் ஏசியில் இருப்பான்.

திருவொற்றியூர் தேரடி தாண்டும்போது போன் அடித்தது.

“அந்த ஆபீசருதான் மாமு.”

“எடுத்துப் பேசு. கம்ப்யூட்டரு எண்ணூர்ல கீது.”

அவர் போனைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அது அடித்து ஓயும்வரை கையை எடுக்கவில்லை.