கழுவி வந்த டப்பா

அழுங்கம்மா, நல்லா அழுங்க. எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா இப்படி இந்தப் பக்கம் நகந்து உக்காந்து அழுங்க. அங்க கதவு திறக்கும்போதெல்லாம் ஸ்ட்ரெச்சர் வந்து முட்டியில இடிக்குது. ஆங், இப்படி. இந்தாங்க, தண்ணி குடிங்க. திறக்காத பாட்டில்தான், மூடியப் பாருங்க. யாராவது எனக்குக் குடுத்தா நான் முதல்ல மூடியத்தான் பாப்பேன், அதான் முன்னாடியே சொல்லிட்டேன்.

எனக்கா? ஆமா, உள்ள ஒருத்தர் இருக்காரு. சொந்தம்னு சொல்ல முடியாது. யாரோன்னும் விட முடியல. சொல்றேன், எங்க ஓடிடப் போறேன்.

கொஞ்சம் முன்னாடி போன்ல உங்க அக்காகிட்ட பேசிட்டிருந்தீங்கல்ல, காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கலம்மா. இந்த வராந்தாவுல மூச்சு விட்டாலே எதிரொலிக்குது. கூடவே குடும்பம் நடத்துற ஆளு பகல்ல என்ன பண்றாருன்னே எனக்குத் தெரியலக்கான்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா இதே வார்த்தைய நானும் அழுதுக்கிட்டே சொல்லியிருக்கேன். எங்க அண்ணிகிட்ட.

எனக்குப் பொறந்ததுலேருந்தே சந்தேகப் புத்தி. காய் வாங்கப் போனா மேல நல்லத வச்சு அடியில அழுகல வச்சிருப்பான்னு கூடையவே கவுத்துடுவேன். வேல பாக்கறது சலவைக் கடையில. அது இன்னும் மோசம். ஒரு சட்டைய விரிச்சுப் போட்டா அந்த ஆளு எங்க போனாரு, எதுல சாஞ்சாரு, என்ன தின்னாருன்னு எல்லாம் தெரிஞ்சிடும். கறை பொய் சொல்லாதும்மா. பொண்டாட்டிக்குத் தெரியாதது கூட சலவைக்காரிக்குத் தெரியும். நான் ரெண்டும் ஆச்சே, எங்க வீட்டுக்காரர் பாவம்தான்.

நான் நல்லா சமைப்பேன். தற்பெருமை இல்ல, கேட்டுப் பாருங்க. கல்யாணமான புதுசுல எங்க மாமியார் என்னைப் பத்தி நல்லதா சொன்னது அது ஒண்ணுதான். வெண்ணெய்ல வறுத்த கறி, மொறுமொறுன்னு பொரிச்ச கோழி, பாகுல ஊறப் போட்ட இனிப்பு. எண்ணெய் மேல மிதக்கலைன்னா எனக்கு அது சமையலே இல்ல. தினமும் காலையில டப்பாவ அமுக்கி அமுக்கி ரொப்பி, மூடி மேல ஒரு குத்து குத்தித்தான் குடுத்தனுப்புவேன். சாயங்காலம் அவரு வந்ததும் டப்பாவத் திறந்து பாப்பேன். எலும்பு கிடக்கும், ஓரத்துல ரெண்டு பருக்கை இருக்கும். அது ஒரு சந்தோஷம், உங்களுக்குத் தெரியாததா?

போன வருஷம் திடீர்னு டப்பா கழுவி வர ஆரம்பிச்சுச்சு.

சிரிக்காதீங்க. சாதாரண விஷயம்தான்னு நினைக்கறீங்க இல்ல? நம்ம வீட்டு ஆம்பளைங்க தானா தட்டு கழுவுனா அதுக்குப் பின்னால ஏதோ இருக்குன்னு அர்த்தம். எலும்பு இல்ல, பருக்கை இல்ல, பளபளன்னு இருக்கு. சரின்னு சட்டையப் பாத்தேன். எப்பவும் வயித்துகிட்ட ஒரு எண்ணெய்ச் சொட்டு இருக்கும், மனுஷன் சிந்தாம திங்க மாட்டாரு. அது காணோம். அப்புறம் பெல்ட்டு. புதுசா ஒரு ஓட்டை போட்டிருக்காரு, ஆணியால. மெலியறாரு! நான் இவ்வளவு போடறேன், மெலியறாருன்னா எப்படி? காப்பியில சர்க்கரை வேணாம்னாரு. ஏன்னா, பழகிட்டேன்னாரு. எங்க பழகினாரு? யாருகிட்ட பழகினாரு? ரெண்டு ஸ்டாப் முன்னாடியே பஸ்ஸ விட்டு இறங்கி நடந்து வர்றாருன்னு எதிர்வீட்டம்மா வேற சொல்லிட்டாங்க. கேட்டா, சும்மா காத்தாடன்னாரு. காத்தாட நடக்கற ஆளா அவரு? வீட்டு ஃபேன் சுவிட்ச போடவே என்னைத்தான் கூப்பிடுவாரு.

அண்ணிகிட்ட சொன்னேன். அவங்க ஏற்கெனவே எரியற அடுப்புல ஊதறவங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒரு ஆம்பள இளைக்கறான்னா ஒண்ணு சீக்கு, இல்லைன்னா சிறுக்கின்னாங்க. உன் வீட்டுக்காரருக்கு சீக்கு எதுவும் இல்லைன்னா மீதி என்னன்னு நீயே யோசிச்சுக்கோன்னு போன வச்சுட்டாங்க. அன்னிக்கு எனக்கு ரெண்டாவதுதான் நம்பிக்கையா இருந்துச்சு பாருங்க. சீக்குங்கற பக்கமே புத்தி போகல.

ஒரு சோதனை வச்சேன். கறியில உப்ப அள்ளிப் போட்டேன். வாயில வைக்க முடியாது, நாக்கு பொத்துடும். டப்பா வழக்கம் போல கழுவி வந்துச்சு. இன்னிக்கு எப்படி இருந்துச்சுங்கன்னேன். சட்டையக் கழட்டிக்கிட்டே, பிரமாதம், உன் கை யாருக்கு வரும்னாரு. அப்ப இவரு என் சோத்தத் தொடவே இல்ல. வேற எவளோ போடறா, இவரு உக்காந்து திங்கறாரு. என் சோறு எங்க போகுது? நாய்க்கா? சாக்கடையிலயா? சத்தியமா சொல்றேன், இன்னொருத்தி இருக்காங்கறத விட என் சமையலக் கொட்டறாருங்கறதுதான் எனக்குத் தாங்கல.

மறுநாள் கடையில தலைவலின்னு சொல்லிட்டு நேரா அவரு பட்டறைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மிஷின் எல்லாம் நிறுத்திட்டு ஒரே அமைதி. பாதி கட்டின ஒரு வண்டிக்குப் பின்னாடி, பெயின்ட் டின்னுங்க நடுவுல குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டேன். ஏங்க அப்படிப் பாக்கறீங்க? ஆமா, லாரிக்கு பாடி கட்டற பட்டறைதான். அவரு பெயின்டரு. ஊர்ல இல்லாத பட்டறையா, கேளுங்க.

பொம்பளை யாரும் இல்ல. எங்க வீட்டுக்காரர் ஒரு பலகை மேல உக்காந்திருக்காரு. மடியில ஒரு காகிதப் பொட்டலம், அவிச்ச பயறும் வெட்டின வெள்ளரிக்காயும். ஆடு மாதிரி மென்னுக்கிட்டிருக்காரு, முகத்துல ஒரு சந்தோஷமும் இல்ல. எதிர்ல இன்னொருத்தர், கூட வேல செய்யறவரு. என் டப்பா அவரு கையில.

அந்த ஆளு சாப்பிட்டத நீங்க பாத்திருக்கணும். கண்ண மூடிக்கிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் தலைய ஆட்டி ஆட்டி, விரலு ஒவ்வொண்ணா சப்பி, மூடியில ஒட்டினத வழிச்சு நக்கி. அப்புறம் எழுந்து போயி குழாயடியில டப்பாவ அவரே தேய்ச்சுக் கழுவினாரு. அவ்வளவு பதமா. நான் எரிஞ்சு விழத்தான் போனேன். ஆனா சத்தம் போடாம அப்படியே திரும்பி வந்துட்டேன். இத்தனை வருஷத்துல என் சாப்பாட்ட ஒருத்தரும் அப்படிச் சாப்பிட்டதில்லம்மா.

வீட்டுக்கு வரட்டும்னு காத்திருந்தேன். வந்தாரு. யாரு அதுன்னேன். மனுஷன் அப்படியே உக்காந்துட்டாரு. பட்டறையில பெயின்ட் அடிக்கறவங்களுக்கு மட்டும் ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பாத்தாங்களாம். ஈரல்ல கொழுப்பு, ரத்தத்துல கொழுப்பு, சர்க்கரை வேற வாசல்ல நிக்குதுன்னாராம் டாக்டர். ரத்தக்குழாய்க்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு சவ்வு இருக்காம். குழாய் விரியறதும் சுருங்கறதும் அதோட கையிலதான் இருக்காம். கொழுப்பும் இனிப்புமா வயிறு முட்ட ஒரு வேளை தின்னா, கொஞ்ச நேரத்துக்கு அது மந்தமாயிடுமாம். குழாய் விரிஞ்சு குடுக்காதாம். எப்பவோ ஒரு வேளைன்னா தானா தெளிஞ்சிடும். தினமும்னா? இது தெளியறதுக்குள்ள அடுத்த வேளை வந்து உக்காந்துடுதாம். அப்படியே புண்ணாகி, கொழுப்பு உள்ள புகுந்து படிஞ்சு, குழாய் விறைச்சுப் போயிடுமாம். அந்தப் பக்கம் இன்சுலின் வந்து தட்டுதாம், உடம்பு செவிடாட்டம் இருக்குதாம். ஈரல், சவ்வு, கொழுப்புன்னு கறிக்கடைக்காரர் மாதிரி அடுக்கிக்கிட்டே போறாரு. எனக்கு முதல்ல அதுலயும் சந்தேகம். கதை கட்டறாரோன்னு.

இத ஏன்யா எங்கிட்ட சொல்லலன்னேன். உன் சமையல ஒரு குறை சொல்லிட்டு இந்த வீட்டுல நான் இருக்க முடியுமான்னாரு. பயம்! என்கிட்ட பயம்! கொட்ட மனசு வரலையாம், அதான் அவருக்குக் குடுத்தாராம். அவரு ஒல்லி ஆளு, அவருக்கென்ன ஆகப்போகுது, கல்லத் தின்னாலும் செரிக்கும்னு நினைச்சாராம்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல எண்ணெய் இறங்கிடுச்சு, இனிப்பு நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரருக்குப் பயறு, கீரை, அவிச்சது. அதுலயும் ருசி கொண்டு வந்துட்டேன், விடுவேனா. ஆனா அந்தப் பழைய டப்பா நிக்கல. அந்த ஆளுக்குன்னு தனியா அனுப்பிக்கிட்டுதான் இருந்தேன். வெண்ணெய், வறுவல், பாகு, எல்லாம். எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னாரு, வேணாம்டி, அவருக்கும் கை கால் குச்சியாத்தான் இருக்கு, ஆனா வயிறு மட்டும் முன்னாடி தள்ளுது, வண்டி மேல ஏறினா நின்னு நின்னு மூச்சு வாங்கறாருன்னு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இவருக்குப் பொறாமைன்னு தோணுச்சு. இன்னொருத்தர் என் கைச்சோத்த ரசிக்கறது பிடிக்கலைன்னு. என் புத்தி அப்படி.

இருங்க, எழுந்திருக்காதீங்க. முடிச்சிடறேன்.

நேத்து காலையில பட்டறையில அந்த ஆளு வெல்டிங் கம்பியக் கீழ போட்டுட்டு, தாடை வலிக்குது, தோள் வலிக்குதுன்னு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாராம். எங்க வீட்டுக்காரர்தான் வண்டி பிடிச்சு இங்க தூக்கிட்டு வந்தாரு. அந்த நீலச் சட்டை, உங்க கையெழுத்து வாங்கினாரே, அவரேதான். அடைப்ப எடுத்து ஸ்பிரிங்கு மாதிரி ஒண்ணு வச்சுட்டாங்க. பிழைச்சுட்டாரு.

இன்னிக்குக் காலையில நர்ஸ் வந்து உங்ககிட்ட கேட்டாங்க, மத்தியானம் என்ன சாப்பிடுவாருன்னு. கேண்டீன்லன்னீங்க. எங்க வீட்டுக்காரர் வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, பட்டறையில கேண்டீனே கிடையாதுங்களேன்னுட்டாரு. உங்க முகம் மாறினத நான் தூண் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். உள்ள படுத்திருக்கவரும் முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. விறுவிறுன்னு வெளிய வந்து இங்க உக்காந்தவங்கதான், நர்ஸ் கூப்பிட்டும் போகல. நீங்க என்ன நினைச்சுட்டு உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா? எனக்கா தெரியாது?

நீங்க விடிகாலையிலயே ஷிஃப்டுக்குப் போறீங்களாமே. உங்கள அதுக்கும் முன்னாடி எழுப்பி அடுப்புகிட்ட நிக்க வைக்க மனசில்லாமத்தான் கேண்டீன்னு சொல்லி வச்சாராம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்காரு. முன்னெல்லாம் மத்தியானம் வெறும் டீயக் குடிச்சுட்டு இருந்துடுவாராம்.

ஒரு வருஷச் சாப்பாட்டால வந்தது மட்டும் இல்லம்மா, சிகரெட்டு இருக்கு, ரொம்ப நாளாவே சேந்திருக்கும்னு டாக்டர் சொல்றாரு. மெய்யாவே சொல்றாரா, என் முகத்தப் பாத்து சமாதானத்துக்குச் சொல்றாரான்னு தெரியல. அதையும் சந்தேகப்பட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

ஆனா இதுல சந்தேகம் வேணாம். உங்க வீட்டுக்காரருக்கு மத்தியானம் சோறு போட்டவ நான்தான். முகம் பாத்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. வேற எவளும் இல்ல.

கண்ணத் துடைச்சுக்கிட்டு உள்ள போங்க தங்கச்சி, கதவையே பாத்துட்டு கிடக்காரு. பைய இங்க வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். என்ன? சரி சரி, நம்பிக்கை இல்லைன்னா எடுத்துட்டே போங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.